காக்கா சிடியா இல்லையா?

சில வருஷங்களுக்கு முன்பு, டெல்லி துவாரகாவில், பனி மூடிய ஒரு ஜனவரி மாதம் இது நடந்தது. அப்போது நான் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தேன். குழந்தைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. இந்தியும் வேலை செய்கிற இடத்தில் காதில் விழுந்து வந்ததுதான். அந்த அரைகுறை இந்தியில் ஒரே ஒரு வார்த்தை என்னை மாட்டிவிட்டது.

எங்கள் வீட்டில் சாப்பிடுவதற்கு முன் பால்கனிச் சுவரில் ஒரு பிடி சோறு வைப்போம். இறந்துபோன என் அப்பாவை நினைத்து வைக்கிற சோறு. ஒரு கால் கோணலான காக்கா ஒன்று தவறாமல் வரும். இரண்டாம் வகுப்பு படித்த என் மகள் அதைத் தாத்தா என்றே கூப்பிடுவாள். "தாத்தா, ஜல்தி வாங்க, சோறு ஆறிடும்!" என்று அதட்டுவாள். அதுவும் வந்துவிடும்.

ஒருநாள் அந்தக் காக்கா பால்கனித் தரையில் கழுத்து திருகிக் கிடந்தது. குப்பையில் போட மனசு வரவில்லை. மகள் அழுதுகொண்டே அதைத் தன் மஃப்ளரில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். பூங்கா மூலையில் குழி தோண்டி வெறும் கையால் புதைத்தேன். டிவியில் பறவைக் காய்ச்சல் செய்தி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோழிக்கறி வாங்குவதை நிறுத்தியிருந்தோம். எங்கள் ஜாக்கிரதை அதோடு சரி.

சில நாளில் எனக்குக் கடுமையான காய்ச்சல். மூச்சு வாங்கியது. மகளைப் பார்த்துக்கொள்ள மனைவி வீட்டில் இருந்ததால், தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இந்தியில் கேட்டார். "முர்கி கோ ஹாத் லகாயா?" கோழியைத் தொடவில்லை. "நஹி சாப்." அடுத்து, "கோயி மரீ ஹுயீ சிடியா?" செத்த சிடியா எதையாவது தொட்டாயா என்கிறார்.

மகளின் இந்திப் புத்தகத்தில் சிடியா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிட்டுக்குருவி படம் போட்டிருக்கும். செத்த குருவியை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லையே! "நஹி சாப்" என்று உறுதியாகச் சொன்னேன். "அச்சா" என்று மருந்து எழுதினார். ட்ரிப்ஸ் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

ஊசி குத்தியபோது "ஐயோ அம்மா" என்று கத்திவிட்டேன். மாஸ்க் போட்ட நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"தமிழாண்ணே? எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம்மா."

"எனக்கு நாகர்கோவிலு. இவ்வளவு பெரிய ஆளு ஒரு ஊசிக்கா இந்தக் கத்து கத்துதிய?"

எத்தனையோ நாள் கழித்து வெளி ஆள் ஒருவர் வாயில் தமிழ் கேட்கிறேன். பேச்சை விட மனசில்லை. "டாக்டர் செத்த சிடியாவத் தொட்டியான்னு கேக்கறாரும்மா. இந்த ஊர்ல குருவிய எங்க பாக்கறது? தினம் ஒரு காக்காதான் வரும். அதுவும் பாவம் செத்துப்போச்சு."

அவர் கை நின்றது. "காக்காவா? அதத் தொட்டியளா?"

"நான்தாம்மா பொதச்சேன். பாப்பாதான் தூக்கிட்டு வந்தா."

"அண்ணே, சிடியான்னா குருவி மட்டுமில்ல. எல்லாப் பறவையும் சிடியாதான். காக்காவும்தான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காக்காவை நான் பறவைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அது எங்கள் வீட்டு ஆள். சொந்த அப்பாவை யாராவது பறவை என்பார்களா?

அவர் டாக்டரிடம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் என்னைத் தனி அறைக்கு மாற்றி, தொண்டையில் குச்சி விட்டுச் சளி எடுத்து, வேறு மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கும் போன் போனது. மனைவியும் மகளும் வெளியே வரக் கூடாது, மகளுக்கு உடம்பு சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நானும் நான்கு சுவரும்தான். தலை முதல் கால் வரை மூடிய ஆட்கள் வருவார்கள், வேலையை முடிப்பார்கள், போவார்கள். எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டி மேல் ஒரு காக்கா வந்து உட்காரும். அதைப் பார்க்கப் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

மகள் போனில் கேட்டாள். "அப்பா, தாத்தாவால எனக்கும் புகார் வருமா?" இந்தி கலந்த அவள் தமிழில் புகார் என்றால் காய்ச்சல். சிரிப்பு வரவில்லை. "வராதுடா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எனக்கு என்ன தெரியும்? அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் அல்லவா கிடந்தேன்.

அந்த நர்ஸ் மட்டும் போகிற வழியில் கதவுக் கண்ணாடியைத் தட்டுவார். "வீட்டுக்குப் போன் பண்ணினேன். பிள்ளைக்குச் சூடே இல்லண்ணே!" என்று உரக்கச் சொல்வார். அந்தத் தட்டலுக்காகவே காத்துக் கிடப்பேன்.

கடைசியில், எனக்கு வந்தது சாதாரண ஃப்ளூதான் என்று முடிவு வந்தது. மகளுக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அதிகாரிகள் தோண்டி எடுத்துப்போன அந்தக் காக்காவின் உடம்பில் பறவைக் காய்ச்சல் கிருமி இருந்ததாம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த நர்ஸைத் தேடினேன். டியூட்டி மாறிப் போய்விட்டார் என்றார்கள். மாஸ்க் இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

இப்போதும் சோறு வைக்கிறோம். வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறோம். செத்த பறவை எதையும், அது தாத்தாவே ஆனாலும், தொடுவதில்லை. மெட்ரோவில் மாஸ்க் போட்ட யாராவது நாகர்கோவில் தமிழில் பேசினால் மட்டும் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன். என் மகளுக்குச் சூடே இல்லை என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்ன குரல் அதுதானோ என்று.