அத்தை ஊட்டிய முதல் துண்டு

மெல்பர்னில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக விருந்துக்கு வந்த பெண்மணி, கையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். என் மகள் இனியாவின் இரண்டாவது பிறந்தநாள் அது. பக்கத்து வீட்டு ஜூலி தன் மகளுக்கு மட்டும் ஒரு சின்ன கேக்கை டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து, ஒன்றும் தவறில்லையே என்று சிரித்தபடி கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். உள்ளுக்குள் கொதித்தது. என் மனைவி செல்வி காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறாள், இவர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிறாரே என்றிருந்தது. குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். என் காதில் அது சாக்காகவே விழுந்தது. எங்கள் கை பட்டதைத் தின்னமாட்டேன் என்பவர்களை நான் ஊரில் வேறு மாதிரி அறிந்தவன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடமே எனக்குப் பாடம் கிடைத்தது. இனியா யாரோ கொடுத்த பிஸ்கட்டைக் கடித்தாள், உதடு வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வேர்க்கடலை ஆகாது என்றார்கள். துளி போதும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, ஒவ்வாமை வந்தால் உடனே தொடையில் அழுத்த அட்ரினலின் ஊசிப் பேனா இரண்டைக் கையில் கொடுத்தார்கள். செய்யூர்ப் பக்கம் கடலைக் கொல்லைகளில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குக் குனிந்த குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கடலை ஆகாது என்று போனில் சொன்னபோது ஊரில் இருக்கும் என் அக்கா எஸ்தர் முதலில் சிரித்துவிட்டாள். அப்புறம் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அதிலிருந்து நாங்களும் டப்பா தூக்குகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம். யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் இனியாவின் கேக் எங்கள் பையில் இருக்கும்.

ஐந்தாவது பிறந்தநாளை ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று அக்காதான் கேட்டாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், கல்யாணமாகியும் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பவள், இப்போது அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தானே கடலை போடுகிறாள். செல்விக்குப் பயம். இங்கிருந்தே வாட்ஸப்பில் ஒரு நீளமான பட்டியல் அனுப்பினாள். கடலை கூடாது, கடலை எண்ணெய் கூடாது, சட்னியில் கூடாது, கடையில் வாங்கிய மிக்ஸர் கூடாது. பட்டியலில் இல்லாததையும் அக்கா செய்தாள். புதுக் கடாய் வாங்கினாள். சூரியகாந்தி எண்ணெய் வாங்கினாள். பேக்கரியில் கடலை மிட்டாயும் கேக்கும் ஒரே தட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, குக்கரில் மணல் கொட்டி அதற்குள் பாத்திரம் வைத்துத் தானே கேக் செய்தாள். அது மார்கழிப் பட்டத்துக்கு விதை தயாராகும் நேரம். விதைக்கடலையை மெஷினில் உடைத்தால் பருப்பு பிளந்துபோகும், கையால்தான் உடைக்க வேண்டும். மூட்டைகளைப் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றி, உடைக்கும் பெண்களையும் அங்கேயே உட்கார வைத்தாள். இதைவிட ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

நாங்கள் சாப்பாட்டை மட்டும் யோசித்தோம். கையை யோசிக்கவில்லை. ஊரில் கேக் வெட்டினால் அதோடு முடிவதில்லை, வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு பிய்த்துக் குழந்தைக்கு ஊட்டிவிட வேண்டும். உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்தார், இனியா கேக்கை வெட்டினாள், முதல் துண்டு அத்தைதான் ஊட்டவேண்டும் என்று எல்லாரும் அக்காவைத் தேடினார்கள். பக்கத்து வீட்டில் ஆடு மூட்டையில் வாய் வைத்துவிட்டதென்று ஓடியிருக்கிறாள். கூப்பிட்ட குரலுக்கு, சிந்திய கடலையை அள்ளிப் போட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அந்த முந்தானையில் கடலையின் சிவப்புத் தோல் இரண்டு மூன்று ஒட்டியிருந்தது. நான் பார்த்தேன்.

அக்கா, கையைக் கழுவிட்டு வா. நாலே வார்த்தை. சொல்ல நேரமும் இருந்தது. ஆனால் எனக்கு ஆறு வயது இருக்கும்போது, பெரிய வீட்டுத் தோட்டத்தில் விதைக்கடலை உடைக்கப் போன அக்காவோடு நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே தண்ணீர் கேட்டால் செம்பை உயரத் தூக்கி ஊற்றுவார்கள், கையேந்திக் குடிக்க வேண்டும். தாகம் தாங்காமல் நான் எட்டிச் செம்பைப் பிடித்துவிட்டேன். அந்த வீட்டம்மா என்னைத் திட்டவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, முதலில் கையைக் கழுவச் சொல்லி, பிறகு அந்தச் செம்பைச் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்க்க வைத்தார். பதினைந்து வயதுப் பெண், வேலை செய்யும் எல்லாருக்கும் எதிரில். வீடு வரும்வரை அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். இப்போது வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி, முப்பது பேர் நிற்கும் கூடத்தில், என் பிள்ளையைத் தொடும் முன் கையைக் கழுவு என்று அதே அக்காவிடம் எப்படிச் சொல்வேன்? வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அக்கா ஊட்டினாள். இனியா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது ஆள் ஊட்டும்போது இருமல் தொடங்கியது. கழுத்தெல்லாம் தடித்துக்கொண்டு வந்தது, குரல் கம்மியது. செல்வி புதுக் கவுனோடு சேர்த்துப் பிள்ளையின் தொடையில் ஊசிப் பேனாவை அழுத்தினாள். பந்திக்கு நாற்காலி ஏற்றிவந்த வேனிலேயே மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழியில் இன்னொரு ஊசியும் போட வேண்டியிருந்தது. அந்த வழியெல்லாம் நான் கடவுளிடம் வேண்டவில்லை, என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

பின்னாலேயே பஸ் பிடித்து வந்த அக்கா, வார்டுக்குள் வராமல் வராந்தாவில் நின்றாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"நீ பாத்தியாடா?" என்றாள்.

"பாத்தேங்கா."

"பாத்துட்டு ஏன்டா சொல்லல?"

செம்பைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு மறந்திருக்கும் என்று எண்ணியிருந்தேன். மறக்கவில்லை. 

"அவங்க சொன்னதும் நீ சொல்றதும் ஒண்ணாடா தம்பி? கொயந்த உசுருடா. ஒரு வார்த்த சொல்லிருந்தா ஓடிப்போயி கயுவிகினு வந்துருப்பேன்ல."

 அவளைக் காப்பதாக நினைத்து வாயை மூடிக்கொண்டு, வாழ்நாள் முழுக்கச் சுமக்கும்படி ஒரு பழியை அவள் தலையில் வைத்துவிட்டேன். ஊரில் மீதமிருந்த பத்து நாளும் அக்கா இனியாவைத் தொடவில்லை. பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நிற்பாள். அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுவேன்.

இந்த வருடம் ஆறாவது பிறந்தநாள், மெல்பர்னிலேயே. வரப்போகும் எட்டுக் குழந்தைகளின் வீட்டுக்கும் நானே போன் செய்து யாருக்கு எது ஆகாது என்று கேட்டு எழுதினேன். ஒருத்திக்கு முட்டை, இன்னொருத்திக்கு எள். ஜூலியிடம், உங்கள் மகளுக்கும் நாங்களே செய்கிறோம், பாத்திரம்கூடப் புதிது என்றேன். அவர் தயங்கினார். வேண்டாம் என்றால் நான் கோபிப்பேனோ என்று தடுமாறுவது தெரிந்தது. நீங்கள் டப்பாவே கொண்டுவாருங்கள் என்று நானாகச் சொன்னேன். இப்போது அவர்தான் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டார், ஏதோ குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. அன்று வந்த டப்பாவை வாங்கி, எங்கள் கேக்குக்குப் பக்கத்தில் மேசை நடுவில் வைத்தேன்.

ஜனவரி வெயிலில் வீட்டுக்குப் பின்னால் கேக் வெட்டினோம். பாடினார்கள், கைதட்டினார்கள், தட்டை நீட்டினார்கள். இங்கே யாரும் யாருக்கும் ஊட்டுவதில்லை. இனியா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மேசைமேல் சாய்த்திருந்த போனைப் பார்த்து வாயைத் திறந்தாள். போன் வீடியோவில் அக்கா. அங்கே காலை நேரம், அவளுக்குப் பின்னால் விதைக்கடலை மூட்டை தெரிந்தது.

அக்கா சட்டென்று எழுந்து போனாள். பைப்படியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, ஈரம் சொட்டும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பிள்ளையிடம் இல்லை, என்னிடம். "பாத்துக்கடா" என்றாள். எந்த வார்த்தையை அவளிடம் சொல்லக்கூடாது என்று நான் பிள்ளையைப் பணயம் வைத்தேனோ, அதை அவளே எடுத்துக்கொண்டு செய்து காட்டினாள். பிறகு ஒன்றுமில்லாத விரல்களைக் குவித்துப் போனுக்கு அருகில் நீட்டினாள்.

நான் குழாயடிக்கு ஓடிப்போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, கேக்கில் ஒரு துண்டு பிய்த்தேன். அக்காவின் விரல்கள் போன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொட்ட நேரத்தில் இந்தப் பக்கம் அதை ஊட்டினேன். இனியா மென்றுகொண்டே, அத்தை ஏன் கையைப் புடவையில் துடைக்கவில்லை என்று கேட்டாள். என் கையிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.