அப்பா எனக்குப் போடாத தையல்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேர் மேல் எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அக்கா குடல்வால் வெடித்து, மதுரைக்குப் போகும் பஸ்ஸிலேயே இறந்துபோனார். அறுவை மருத்துவம் படித்து முடித்ததும் அப்பா ஊருக்கே திரும்பி, நாலு கட்டிலோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். குடலிறக்கமோ, கட்டியோ, சிக்கலான பிரசவமோ, யார் வந்தாலும் "பஸ் ஏற வேணாம், இங்கனயே பாத்துருவோம்" என்பார்.

எங்கள் வீட்டில் அவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டு எழுந்ததே அபூர்வம். "ஊரு வயித்தயெல்லாம் தொட்டுப் பாக்குறீங்க. எனக்குக் காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாத்திருக்கீங்களாப்பா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீதான் நல்லா இருக்கியே ஆத்தா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்லூரியில் படிக்கும்போது எனக்கும் குடல்வால் வீங்கியது. இப்போதாவது அப்பா கை என்மேல் படும் என்று அந்த வலியிலும் சந்தோஷப்பட்டேன். அப்பாவின் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் மேசையில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். திடீரென்று என்னை இறக்கிக் காரில் ஏற்றினார்கள். மதுரை போய்ச் சேரும்வரை அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தையல் போட்டவர் யாரோ ஒரு டாக்டர். ஊரையெல்லாம் பஸ் ஏற வேண்டாம் என்றவர், பெற்ற மகளை மட்டும் மதுரைக்குக் கொண்டுபோனார். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

அப்பா இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்கள் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்கள். "இது அய்யா போட்ட தையல்மா" என்றார்கள், சொத்துப் பத்திரத்தைக் காட்டுவதுபோல. காட்ட எனக்கு ஒன்றும் இல்லை. அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அப்பாவோடு கடைசிவரை வேலை பார்த்த நர்ஸ் ராசாத்தியக்கா பின்னாலேயே வந்தார்.

"என்னத்தா, வயிறெரியுதாக்கும்?"

"ஆமாக்கா. எனக்கு மட்டும் ஏன் அவரு செய்யல?"

"கத்திய நாந்தான் குடுத்தேன். வாங்குன கை வெடவெடன்னு நடுங்குச்சு. 'என்னால ஏலாதும்மா, வண்டிய எடுக்கச் சொல்லு'ன்னுட்டாரு. அம்புட்டு வருசத்துல அய்யா கை நடுங்கி நான் பாத்தது அன்னிக்கு மட்டுந்தான்."

பந்தல் போட்டவர்களுக்கும், பூவை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிய நிலக்கோட்டை வியாபாரிகளுக்கும், ராசாத்தியக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தழும்புகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நடுக்கம் என்னுடையது. அதில் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.