ஸ்டேஷன் மாஸ்டரின் ரிக்கார்டு பிளேயரும் கனியக்காவும்

கனியக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குத் தலைகுனிவான இடம் ஒன்று வரும். அதையும் விடமாட்டேன்.

செய்தி வந்தபோது பூகோளப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம், வெளியே சாரல். அப்பா குடையை மடக்காமலே வாசலில் நின்று, "கனி போயிட்டாளாம்" என்றார். காய்ச்சல் என்று பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் நாலு நாள்தான் ஆகியிருந்தது. அக்காவுக்கு முப்பத்து மூன்று வயது. நான் கையில் இருந்த அட்டையை மடித்து, பசை தடவி, முழுக்க ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

அக்காவின் கடை தென்காசி தேரடிக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு அடுத்த ஒற்றை அறை. அவளுடைய அப்பா கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். அவருக்குப் பிறகு அக்கா ரிப்பேர் வேலையை மட்டும் வைத்துக்கொண்டாள். குற்றாலத்து லாட்ஜுகளிலும் பங்களாக்களிலும் இருந்த பெரிய ஸ்டீரியோ செட்டுகள் சாரலில் ஈரம் குடித்து, வருஷம் தவறாமல் அவளிடம் வரும். உதிரிப் பாகம் வேண்டுமென்றால் மதுரைக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அக்கா காத்திருக்க மாட்டாள். கேசட் வந்தபிறகு வீடுகளில் மூலையில் போட்டுவிட்ட ரிக்கார்டு பிளேயர்களை வாங்கி வந்து பிரிப்பாள். ஒன்றின் மோட்டார், இன்னொன்றின் ரப்பர் சக்கரம், மற்றொன்றின் ஊசிக்கை என்று எடுத்து, ஓடாத ஸ்டீரியோவை ஓட வைத்துவிடுவாள். "செத்த பெட்டின்னு ஒண்ணு கெடையாது. அதுல எது உசுரோட கெடக்குன்னு பாக்கணும், அவ்வளவுதான்" என்பாள்.

பிரிப்பதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, இசைத்தட்டைப் போட்டு, ஊசியை வைத்து, விரலால் தட்டைச் சுற்றுவாள். பாட்டு இழுத்து இழுத்து முனகும். "போறதுக்கு முன்ன ஒரு வரி பாடிட்டுப் போட்டும்" என்பாள். ஒரு நாள் வந்த முனகலைக் கேட்டு, சைக்கிள் கடை அண்ணாச்சி பல் விளக்குகிற சத்தம் மாதிரி இருக்கிறது என்றாள். "ஏளா, எங் காது அவிஞ்சா போச்சு?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அன்று முழுவதும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க எங்களால் முடியவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று தம்பிகள். படிக்க இடம் தேடித்தான் நான் அங்கே போனேன். அக்கா என்னைப் 'புஸ்தகம்' என்றே கூப்பிடுவாள். என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால், வருகிற பெட்டிகளுக்குச் சீட்டு எழுதிக் கட்டுவது என் வேலையானது. 'ரிப்பேர்' என்று ஒரு சீட்டு, 'பிரிக்க' என்று ஒரு சீட்டு, கீழே கொடுத்தவர் பெயர்.

இரண்டு வருஷத்துக்கு முன் சீசனில், அக்கா குற்றாலம் போயிருந்த ஒரு மதியம் இரண்டு ரிக்கார்டு பிளேயர் பெட்டிகள் வந்தன. ஒரே கம்பெனி, ஒரே காப்பி நிறம். ஒன்று லாட்ஜிலிருந்து, பிரிப்பதற்கு. மற்றது மேலகரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருடையது. அதில் மோட்டார் மட்டும் இறுகியிருந்தது, ரிப்பேருக்கு வந்தது. நூலகத்துக்கு அன்று சாயங்காலம் திருப்ப வேண்டிய புத்தகம் என் மடியில் இருந்தது. ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்த அத்தியாயத்துக்கும் நடுவில் இரண்டு சீட்டையும் எழுதி, மாற்றிக் கட்டிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா ஸ்டேஷன் மாஸ்டரின் பெட்டியை விரலால் சுற்றினாள். "நல்ல தொண்டைட்டி. இதப் போயி எவன் கழிச்சான்?" என்றாள். நான் சிரித்தேன். புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

நாலாம் நாள் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். அவர் பெயர்ச் சீட்டோடு இருந்த லாட்ஜ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என் பெட்டி இல்லையே. மூடிக்குள்ள ரயில் படம் இருக்கும். எம் மக சின்னதுல ஒட்டினது" என்றார். மகள் கல்யாணமாகி வெகுதூரம் போய்விட்டவள். அந்த மூடியை அக்கா ஸ்பீக்கர் முகப்புக்காக வட்டமாக அறுத்தாகிவிட்டது. எண்ணெய் விட்டு இளக்கிய மோட்டாரும் சக்கரமும் ஊசிக்கையும் மூன்று ஊர் போய்விட்டன.

அக்கா சீட்டைப் பார்த்தாள். என் கையெழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "எங் கை பிசகு சார். உங்க பெட்டியப் பிரிச்சுட்டேன்" என்றாள்.

வேறு பெட்டி தருகிறேன் என்றாள். அவர் வாங்கவில்லை. படியிறங்கிப் போனார். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "பொம்பள கையில குடுத்தா இப்படித்தான்னு நாளைக்குக் குத்தாலம் பூராம் பேசுவான் பாரு" என்றார். பேசினார்கள். இரண்டு சீசனாக லாட்ஜ் பெட்டிகள் செங்கோட்டைக் கடைகளுக்குப் போயின. அக்கா மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று ஒரு தடவை ஆரம்பித்தேன். "சும்மா கெட புஸ்தகம். ஒங்க அப்பா பெறவு ஒன்ன இங்கன விட மாட்டாவ. எனக்கு யாரு சீட்டு எழுதுவா?" என்றாள். அவள் சொன்னதால்தான் சும்மா இருந்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. எனக்குப் பயமாக இருந்தது. அவள் தடுத்தது வசதியாகவும் இருந்தது.

நேற்று பதினாறாம் நாள். கடையை ஒழிக்கும்போது, பட்டாளத்திலிருந்து வந்திருக்கும் அவள் தம்பி முருகண்ணன், மேசைக்கடியில் சாக்கு போர்த்திய பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தார். சீட்டில் இருந்த பெயரைப் பார்த்து மேலகரத்துக்கு ஆள் அனுப்பினார். இன்று சாயங்காலம் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தபோது நானும் இருந்தேன். காப்பி நிறப் பெட்டி. அதே 'ரிப்பேர்' சீட்டு, என் எழுத்து. சீட்டின் பின்பக்கம் அக்காவின் எழுத்து: மோட்டார் ஐந்தருவி பங்களா, சக்கரம் அச்சன்புதூர், மூடி குத்துக்கல்வலசை, ஊசிக்கை சுந்தரபாண்டியபுரம். முதல் மூன்றையும் கோடு போட்டு அடித்திருந்தாள். அந்த வீடுகளுக்கு வேறு பாகம் போட்டுக் கொடுத்துவிட்டு, இவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கியிருக்கிறாள். அறுத்த வட்டத்தை மூடியில் பொருத்தி ஒட்டியிருந்தாள். ரயிலைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிந்தது.

முருகண்ணன் ஒயரைச் செருகினார். ஊசிக்கை இல்லாததால் தட்டு சத்தமில்லாமல் சுற்றியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். சீட்டை மாற்றிக் கட்டியது நான்தான் என்று அப்போதுதான் சொன்னேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் மூடியில் இருந்த ரயிலை விரலால் தடவினார். "குத்தாலத்துல லாட்ஜ் லாட்ஜாப் போயி அவளக் கொற சொன்னது நாந்தான்" என்றார். "நீ இப்பச் சொன்னத எழுதிக் குடும்மா. அதே லாட்ஜுக்கெல்லாம் போயி வாசிச்சுக் காட்டுதேன்."

அதனால்தான் இதை எழுதினேன். நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்வார். 'ரிப்பேர்' சீட்டு பெட்டியோடு போய்விட்டது. சுந்தரபாண்டியபுரத்து ஊசிக்கையை வாங்கித் தருவது என் பொறுப்பு, அக்காவின் கணக்கு நோட்டிலிருந்து முகவரியைக் குறித்துக்கொண்டேன். நான் தப்பாகக் கட்டிய 'பிரிக்க' சீட்டு அக்காவின் திருப்புளி டப்பாவில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளுடையதாக என்னிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

இதை அவளுடைய மேசையில் உட்கார்ந்தே எழுதி முடிக்கிறேன். முருகண்ணன் சாவியோடு வாசலில் நிற்கிறார். நான் எழுந்ததும் கடை விளக்குகளை அணைப்பார்.