ராகுவுக்கு ஒரு மந்திரம்

எழுபதுகளின் கடைசியில் நான் மரக்காணம் தபால் ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது, வாரம் தவறாமல் ஒரு வெள்ளைக்காரர் கடிதம் போட வருவார். ஆரோவில்லில் கொஞ்ச காலம் இருந்து தமிழ் கற்றுக்கொண்டு, உப்பளத்தை ஒட்டிய வாடகை வீட்டில் தனியாகத் தங்கியிருந்தார். வெயிலில் உரிந்த மூக்கு. குதிகால் வெடிப்பில் எப்போதும் உப்பு. பேசும்போது பல முகங்கள் கொண்ட ஒரு பகடையைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருப்பார்.

அவருடைய சொந்த ஊரில் நான்கு நண்பர்கள். அவர்களோடு கடிதத்திலேயே ஓர் ஆட்டம் ஆடுவதாகச் சொன்னார். ஆளுக்கொரு மந்திரவாதியாக ஒரு கதைக்குள் புகுந்து, பகடை விழுகிறபடி ஆடும் ஆட்டம் அது. இவர் கடிதத்தில் கதையை எழுதுவார். அடுத்து என்ன செய்கிறோம் என்று அவர்கள் பதில் எழுத வேண்டும். கிரகத்துக்கு ஒரு மந்திரம் வைத்திருந்தார். செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு மாயத்தோற்றம், சுக்கிரனுக்கு வசியம்.

ஒருநாள் என் மேஜையில் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, “சார், ராகு எங்க ஊர் கிரகத்துல இல்ல. அவருக்கு என்ன மந்திரம் குடுக்கலாம்?” என்றார்.

“ராகுன்னா வெளிதேசம்னு சொல்வாங்க. தூரத்துல இருக்கிறவங்கள நொடியில கிட்ட கொண்டாந்து நிறுத்துற மந்திரம் குடுங்க.”

பகடை நின்றது.

“அது எனக்கே வேணும் சார்.”

“ஏங்க, அவங்க பதில் போடுறாங்களா?”

கேட்டிருக்கக் கூடாது. அவர் பெயருக்குக் கடிதமே வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

“ஒரு வருஷமா இல்லீங்க. நாலு பேருக்கும் நானே ஆடுறேன்.”

வழக்கம்போல ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டாராம். நால்வரில் ஒருவருக்கு நான் ஆடட்டுமா என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். கவுண்டருக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார்.