லாடம் அடித்த மறுநாள்

அன்னூர் பக்கம் எங்கள் தோப்பில் வளரும் குதிரை ராணி, குளம்புக்குள் சீழ் கட்டி நொண்டியது. கால்நடை மருத்துவர் கீறிவிட்டதும் கொஞ்சம் தேறியது. "ஆறுற வரைக்கும் லாடம் வேண்டாமுங்க" என்றார். ஆனால் சரளைக்கல் பாதையில் அது படும் பாட்டைப் பொறுக்க முடியாமல், நானே ஆளை வரவழைத்து லாடம் அடிக்கச் செய்தேன்.

மறுநாள் ராணி எழுந்திருக்கவே இல்லை. கொள்ளைக்கூட முகரவில்லை. "அம்மணி, குளம்பைத் தொட்டுப் பாரு, அனலாக் கொதிக்குது" என்றார் கணவர். மருத்துவர் வந்து லாடத்தைக் கழற்றி, அடைபட்டிருந்த புண்ணைத் திறந்துவிட்டதும் சீழ் பீறிட்டது. சாயங்காலம்தான் ராணி எழுந்து நின்றது.

இப்போது பாதை நெடுகத் தென்னை நார்க்கழிவைக் கொட்டி, வெறுங்காலோடு நடத்துகிறோம். இன்னும் நொண்டத்தான் செய்கிறது. விடிந்ததும் முதல் வேலையாகக் குளம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். அது குளிர்ந்திருந்தால்தான் எனக்குக் காப்பி இறங்குகிறது.