நடுத்தெருவில் ஒரு கோலம்

கோலப் போட்டியில் என் அம்மா ஒரு தடவைகூடப் பரிசு வாங்கியதில்லை. ஐந்து புள்ளி வைத்து, நாலு கம்பி இழுத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே ஓடுகிற ரகம் அவள். அப்படிப்பட்டவள் ஒரு மார்கழியில் திடீரென்று தெருவையே வளைத்துக் கோலம் போட ஆரம்பித்தாள்.

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் தெரு. அந்த வருஷம் பாலம் கட்டுகிறோம் என்று மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி, கம்பெனி ஷிப்டுக்குப் பறக்கிற பைக் எல்லாம் எங்கள் தெருவுக்குள் புகுந்துவிட்டன. நடந்து போகிறவர்கள் காம்பவுண்டுச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போனார்கள். பார்த்துப் பார்த்து அந்த வருஷம்தானா எனக்குச் சைக்கிள் வரவேண்டும்? சிவப்புச் சைக்கிள். ராணி மாதிரி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை வாசலைத் தாண்டுவதற்குள் பைக் ஒன்று என் ஹேண்டில்பாரை உரசிவிட்டு நிற்காமல் போனது. விழுந்ததில் முட்டியில் தோல் பெயர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் பின்னாலேயே ஒரு லாரி வந்து, கிறீச்சென்று நின்றதை அம்மா பார்த்துவிட்டாள். அப்பா சைக்கிளைப் பூட்டி, இனிமேல் வேன்தான் என்று சொல்லிவிட்டார். நான் சாப்பிடாமல் அழுது வீட்டை இரண்டாக்கினேன். சாயங்காலம் அம்மா சாவியை என் கையில் வைத்து, "நீ ஓட்டு. நான் பாத்துக்கிறேன்" என்றாள். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. சாவி கிடைத்த பிறகு யாராவது கேட்பார்களா?

மறுநாள் காலையில்தான் அந்தக் கோலம். எங்கள் சுவரிலிருந்து எதிர்வீட்டுச் சுவர் வரை நீண்டிருந்தது. நடுவில் சாணி உருண்டையில் பூசணிப் பூ. மார்கழிக் கோலத்தின் மேல், அதுவும் பூ வைத்த கோலத்தின் மேல், வண்டி ஏற்ற எங்கள் பக்கம் யாருக்கும் மனசு வராது. பறந்து வந்த பைக்குகள் தயங்கி, ஊர்ந்து, ஓரமாகப் போயின. ஒரு ஷேர் ஆட்டோக்காரருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, ரோட்டையே அடைச்சிகினு கீறியே. வண்டி எப்டிப் போறது?"

"மெதுவா போனா எல்லாம் போகும்பா" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே மெதுவாகத்தான் போனார்.

எனக்கோ ஒரே பெருமை. இந்த வருஷம் பரிசு நமக்குத்தான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன். ஆனால் நான் கிளம்பும்வரை தாங்குகிற கோலம், எட்டு மணிக்கெல்லாம் ஓரத்திலிருந்து டயர் பட்டு அழிந்துவிடுவது வயிற்றெரிச்சலாக இருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், நானே எழுந்து, கேட்டுக்கு உள்ளே, எந்த வண்டியும் தொடமுடியாத இடத்தில் அழகாக ஒரு கோலம் போட்டேன். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பார்த்தாள். என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். பிறகு கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு நடுத்தெருவுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். என் கோலம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போட்டியும் முடிந்தது. பரிசு எதிர்வீட்டு அக்காவுக்குப் போனது. பொங்கல் போனது, தை போனது, அம்மா விடவில்லை. மார்கழி முடிந்த சங்கதியை உங்கம்மாவுக்கு யாராவது சொல்லுங்களேன் என்று அப்பா கிண்டலடிப்பார். முழுப் பரீட்சை முடிந்து எனக்கு லீவு விட்ட மறுநாள் பார்க்கிறேன், வாசலில் பழைய ஐந்து புள்ளி.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே ஐந்து புள்ளிதான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. பாவம், அம்மாவுக்கும் எங்களைப் போலவே லீவு வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சைக்கிளைத் துடைக்கப் போனேன்.