ஹெட்லி தலையசைத்தால்

கண்ணாடிக் குவளையை முதலில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறார். வெளியே மழை, வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. இருக்கிற வெளிச்சத்தில் குவளையை ஒரு சுற்று சுற்றி, பீர் தெளிந்திருக்கிறதா, நுரை ஓரத்தில் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார். பிறகு மூக்கைக் குவளைக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். ஓல்டு பெல் பப்பில் அந்த நேரத்தில் யாரும் சிப்ஸ் பாக்கெட்டைக்கூடப் பிரிப்பதில்லை. ஒரு மடக்கு வாயில் வைத்து, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி, விழுங்கிவிட்டு, ஹெட்லி கிராப்ட்ரீ ஒரே ஒரு தடவை தலையசைக்கிறார். அதற்கப்புறம்தான் பப்பை நடத்துகிற லினெட், பாரின் உள்பக்கமிருந்து, நிலவறைப் பீப்பாயிலிருந்து பீரை இறைக்கும் கைப்பம்பின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் பெயர்த் தகட்டை ஜனங்கள் பக்கம் திருப்புவாள். தகடு முகத்தைக் காட்டினால் பீர் தயார் என்று அர்த்தம். முதுகைக் காட்டினால் தீர்ந்துவிட்டது, அல்லது கெட்டுவிட்டது, கேட்டுப் பயனில்லை.

தகட்டை அவளைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. "தொட்டா விரலை ஒடிச்சு ஊறுகாய் முட்டை ஜாடிக்குள்ள போட்டுருவேன் கண்ணு," என்பாள். அவளுக்கு எல்லோரும் கண்ணுதான், தபால்காரரும் சரி, பாதிரியாரும் சரி.

ஹெட்லிக்கு எழுபத்திரண்டு வயது. கம்பள ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். எந்த ஊரில் பீர் திருவிழா நடந்தாலும் ரயிலேறிப் போய், அங்கே தருகிற பித்தளைச் சின்னத்தை அரைக்கோட்டில் குத்திக்கொண்டு வந்துவிடுவார். இத்தனை வருஷத்தில் கோட்டில் துணி தெரிகிற இடம் குறைந்துபோயிற்று. நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். புதுப் பீப்பாய் திறக்கிற நாளில் பல் தேய்க்கமாட்டார், பற்பசை நாக்கைக் கெடுக்குமாம். சென்ட் போட்ட யாராவது பக்கத்தில் வந்து நின்றால், "இதென்ன பப்பா, கல்யாண வீடா? அந்தப் பக்கம் போய் மணங்க," என்று விரட்டிவிடுவார். திருவிழாக்களில் இளசுகள் எடுத்ததுமே ஆகக் கடுமையான பீரில் போய் விழும்போது தலையில் அடித்துக்கொள்வார். லேசானதில் தொடங்கி, நடுவில் உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும் சாப்பிட்டு, மெல்ல மேலே ஏற வேண்டும் என்பது அவர் கட்சி. பீர் கெட்டிருந்தால் அவருக்கென்று ஒரு வாக்கியம் உண்டு: "இது செத்துப்போச்சு, பொண்ணே. நல்ல இடமாப் பாத்துப் புதைச்சிடு." லினெட் மறுபேச்சுப் பேசமாட்டாள். பீப்பாய் மொத்தமும் சாக்கடைக்குப் போய்விடும்.

ஏல் என்கிற இந்தப் பழைய பாணி பீர் உயிருள்ள சரக்கு. பீப்பாய்க்குள் இருக்கும்போதும் நுரைத்துக்கொண்டே இருக்கும். திறந்த சில நாட்களில் சாகவும் செய்யும். அது உயிரோடிருக்கிறதா என்று சொல்வதற்கு அந்த ஊரில் ஒரு மூக்கு இருந்தது.

அந்த மூக்கு போன குளிர்காலத்தோடு சரி. யாருக்கும் தெரியாது. ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரம் படுக்கையில் போட்டது, போகும்போது வாசனையை எல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் ரொட்டி கருகி, வீடு முழுக்கப் புகை மண்டி, பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைக்காத குறையாகத் தட்டினபோதுதான் ஹெட்லிக்கு விஷயம் புரிந்தது. "வந்தாலும் வரும், வராமலும் போகும்," என்றார் டாக்டர். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவன் போதுமே என்று திட்டிக்கொண்டே வீடு திரும்பினார்.

அது வரவில்லை. நாக்குக்குக் கசப்பு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது, உப்பு தெரிகிறது. மற்றதெல்லாம் போயிற்று. பன்றிக்கறி அடைத்த பலகாரம் என்றால் கொழகொழவென்று உப்பு. காப்பி என்றால் சூடு. வாழ்நாளெல்லாம் கொண்டாடிய ஏல் இப்போது கசப்புத் தண்ணீர். தன் உடம்பு நாறினாலும் தனக்குத் தெரியாதே என்ற பயத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிக்கிறார். மனைவி ஈடித் இறந்தபோதுகூட, பழகப் பழக மனசு ஆறியது. இது ஆறவில்லை. காலையில் எழுந்ததும் சோப்பை எடுத்து முகர்ந்து பார்ப்பார். ஒன்றும் இராது. அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, இன்றைக்கும் ஒரு நாள் கழிய வேண்டுமே என்று கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

வெளியே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன பிறகு ஓல்டு பெல்லில் அவர் யார்? மூலை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன். அப்படிப்பட்ட கிழவர்கள் அங்கே ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் கண்ணையும் நாக்கையும் நம்பித் தலையசைத்துக்கொண்டிருந்தார். லினெட்டின் நிலவறை சுத்தமானது. குழாய்களைத் தவறாமல் கழுவுகிறவள். அந்தப் புண்ணியத்தில் குட்டு உடையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கடுத்த குவளை எப்போதும் க்ளைவுக்குப் போகும். க்ளைவ் பழைய பஸ் டிரைவர், பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். அவர் முதல் மடக்குக் குடிக்கும்போது அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஹெட்லி பீரின் ருசியைத் தெரிந்துகொள்வார்.

இந்த வசந்தத்தில் லினெட்டுக்கு வேறு கவலை வந்து சேர்ந்தது. பப் அவளுடையது இல்லை, ஒரு கம்பெனியுடையது. கம்பெனியின் ஆள் வந்து, ஏல் ஓடவில்லை, கைப்பம்புகளைக் கழற்றிவிடப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். "ஏல் ரசிகர் சங்கம் நல்ல பப்புக்குக் குடுக்கற பரிசு மட்டும் கெடைச்சா பம்பை விட்டுவைப்பானுங்க. இல்லேன்னா இங்க வெறும் லாகர் பீரும் பெரிய டிவியும்தான்," என்றாள் லினெட். பிறகு ஹெட்லியின் தோளைத் தட்டி, "எனக்கென்ன பயம், அதான் நீங்க இருக்கீங்கல்ல கண்ணு," என்றாள். ஹெட்லிக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் புதுப் பீப்பாய் திறந்தார்கள். ஹெட்லி ஜன்னலுக்குக் காட்டினார். பளிங்கு மாதிரி தெளிந்திருந்தது. நுரை நின்றது. நாக்கில் கசப்பு அளவாக இருந்தது. தலையசைத்தார். தகடு திரும்பியது.

க்ளைவ் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் குவளையை எட்டிப் பார்த்தார். "டேய் ஹெட்லி, இதுல என்னத்தடா போட்டிருக்கான்?"

"புகை," என்றார் ஹெட்லி, வாய்க்கு வந்ததை. "தானியத்தைப் புகையில காயவெச்சிருக்கான்."

"அதானே பார்த்தேன்! எனக்கென்னவோ ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். லினெட் ஒரு சொட்டு ஊற்றி முகர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. இப்பல்லாம் மாம்பழம் போடறான், மிளகாய் போடறான், நம்ம மூக்கு எதைக் கண்டுச்சு. நீங்க சொன்னா சரி கண்ணு," என்றாள். ஆளுக்கொரு பைன்ட் குவளை நிறைய ஊற்றிக்கொண்டு டாமினோ கட்டை ஆடப் போய்விட்டார்கள். ஹெட்லி தன் குவளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னால் இப்போதே சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நுரை அடங்குகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் வந்து அரைப் பைன்ட் கேட்டாள். பரிசுக்கு மார்க் போட யார் வருவார்கள் என்று சங்கத்தில் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆனால் வாங்கியதும் குவளையை ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டுகிறவளை ஹெட்லிக்கு அடையாளம் தெரியாதா? லினெட்டுக்கும் தெரிந்துவிட்டது. பாரை ஏற்கனவே துடைத்த இடத்திலேயே மறுபடி துடைத்தாள்.

அந்தப் பெண் முகர்ந்தாள். குடிக்கவில்லை. குவளையைத் திரும்ப பார் மேல் வைத்தாள்.

"மன்னிச்சுக்கங்க, இது கெட்டுப்போயிருக்கு. மருந்து வாடை அடிக்குது."

யாராவது பீரைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுப்பது லினெட்டின் வழக்கம். அவள் கை குவளை வரைக்கும் போயிற்று. பிறகு நின்றுவிட்டது.

"இல்லீங்களே கண்ணு. இது நம்ம ஹெட்லி பார்த்துச் சொன்னது. புகை போட்ட பீராம்."

"இந்த பீர் எனக்கு நல்லாத் தெரியும். இதுல புகை எல்லாம் கிடையாது."

"அவர் சொன்னா தப்பா இருக்காதுங்க," என்றாள் லினெட். குரலில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது. முப்பது வருஷ வியாபாரத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் அவள் பீருக்காகச் சண்டைக்கு நின்றது அதுதான் முதல் தடவை, அதுவும் அவருக்காக. கெட்ட பீரைவிட, கெட்டதை ஒத்துக்கொள்ளாத கடைதான் சங்கத்துக்கு ஆகாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

டாமினோ மேசையிலிருந்து க்ளைவ் எழுந்து வந்தார். தன் பைன்டைத் தூக்கி, மீதி இருந்ததை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே," என்றார், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு. "அருமையா இருக்கு. லினெட், இன்னொண்ணு ஊத்து."

அவர் கண்களில் நீர் கோத்திருந்தது. இத்தனை மாதமாக ஹெட்லி படித்துக்கொண்டிருக்கும் முகம் அது. அதில் பொய் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இதே முகத்தை ஏற்கனவே ஒருமுறை பார்த்திருக்கிறார். போன மாதம், தன் சமையலறையில், தான் போட்டுக் கொடுத்த டீயை க்ளைவ் கடைசிச் சொட்டு வரை குடித்தபோது. பால் கெட்டிருந்தது என்று, பிறகு பாட்டிலில் போட்டிருந்த தேதியைப் பார்த்துத்தான் ஹெட்லி தெரிந்துகொண்டார். அப்படியானால் தன் மூக்கு போனது இவனுக்கு அப்போதிருந்தே தெரியும்.

டாமினோ மேசையில் மற்ற இருவரும்கூடக் குவளையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு மடக்குக் குடித்தார்கள். யாரும் ஹெட்லியைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள்.

ஹெட்லி நாற்காலியிலிருந்து எழுந்தார். கோட்டிலிருந்த சின்னங்கள் எல்லாம் கலகலத்தன. "உக்காருடா," என்று க்ளைவ் மெல்லச் சொன்னார். ஹெட்லி பார் மேல் சாய்ந்து, லினெட்டின் கையைத் தாண்டிக் கையை நீட்டி, கைப்பம்பின் மேலிருந்த தகட்டைப் பிடித்து, மெதுவாக, எல்லோருக்கும் முதுகு தெரியும்படி திருப்பிவைத்தார்.